ஆயா சொன்ன 'ஆமாம்'

1

எங்கள் ஆயா ஒரு வெள்ளைக்காரரிடம் பொய் சொன்னாள். அந்தப் பொய் எங்காவது ஒரு புத்தகத்தில் உண்மை என்று அச்சாகியிருக்கலாம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1980களின் தொடக்கம். நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். ஏரிப் பாசனமுள்ள ஊர். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், நடுவில் கயனி. வெளிநாட்டில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற மானிடவியல் மாணவர் ஒருத்தர் ஊர்த்தெருவில் ஒரு மச்சு வீட்டு மாடியில் வந்து தங்கியிருந்தார். அந்த வீட்டுக்காரரின் தங்கச்சி மகன் பட்டணத்தில் காலேஜ் படித்தவர். அவர்தான் துபாஷி. ஒரு நாள் சாயங்காலம் ரெண்டு பேரும் சேரிக்கு வந்தார்கள்.

வெள்ளைக்காரர் நல்ல மனுஷர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆயா விரித்துப்போட்ட கோணி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் வீட்டுச் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். தெருவே அதிசயமாய்ப் பார்த்தது. துபாஷி உட்காரவில்லை. கூரைத் தண்ணீர் சொட்டுகிற கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பேசினார். தண்ணீரும் குடிக்கவில்லை.

வெள்ளைக்காரர் இங்கிலீஷில் என்ன கேட்டார் என்று எனக்குப் புரியவில்லை. துபாஷி கேட்டது புரிந்தது.

"போன ஜென்மத்துல பாவம் பண்ணதாலதான் இந்த ஜாதியில பொறந்தோம்னு நெனைக்கிறியா கெயவி?"

ஆயா இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "ஆமாங்க ஆண்டே."

வெள்ளைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவர்கள் போனபிறகு ஆயா அடுப்பு மூட்டிக்கொண்டே சிரித்தாள். "அந்தப் புள்ளாண்டான் நிக்கிறான் எதிர்க்க, நான் வேற இன்னாத்தச் சொல்றது? நாளைக்கு அவங்க மாமன் கயனியிலதான நடவு? பாவம் பண்ணது நானா? மரக்கா அளக்கும்போது விரல உள்ள உட்டு அளக்கறானே, அவன் பண்ணலயாமா பாவம்?"

இதை அந்த நோட்டில் யாரும் எழுதவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கிலீஷில் 'யூ' என்று ஒரே சொல்தான். அது தமிழில் 'நீ' ஆவதா 'நீங்க' ஆவதா என்பதைக் கேள்வி கேட்டவர் தீர்மானிக்கவில்லை. கோட்டுக்கு வெளியே நின்றவர் தீர்மானித்தார். வெள்ளைக்காரர் மரியாதையாகத்தான் கேட்டிருப்பார். அந்த மரியாதை எங்கள் வாசல் வரைக்கும் வந்து துபாஷியின் வாயில் செத்துப்போனது. கடல் தாண்டி வந்த மனுஷனுக்கு அது தெரியவே தெரியாது.

அவரை அனுப்பிவைத்த பேராசிரியர்கள் அவருக்கு என்ன சொல்லிக் கொடுத்து அனுப்பினார்கள்? இந்தக் கேள்வி பல வருஷமாய் என்னிடம் இருக்கிறது.

2

வெளிநாட்டுக்குக் களப்பணிக்குப் போகிற மாணவரைத் தயாரிப்பது என்பது மானிடவியல் துறையில் ஒரு சடங்கு மாதிரி. அந்தச் சடங்குக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1920களில் ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்ட இவான்ஸ்-பிரிட்சர்ட் தான் மூத்தவர்களிடம் யோசனை கேட்ட கதையைப் பிற்காலத்தில் எழுதினார். செலிக்மன் சொன்ன யோசனை: ராத்திரி தவறாமல் குயினைன் சாப்பிடு, பொம்பளைகள் பக்கம் போகாதே. இன்னொருத்தர் கனவானாக நடந்துகொள் என்றார். மலினோவ்ஸ்கி முட்டாள்தனம் பண்ணாதே என்றார். பிரிட்டிஷ் மானிடவியலின் பெரிய தலைகள் தங்கள் மாணவருக்குக் கொடுத்த தயாரிப்பு இதுதான். சிரிக்கத் தோன்றும். ஆனால் கவனித்துப் பாருங்கள். எல்லா யோசனையும் போகிறவனின் உடம்புக்கும் மானத்துக்கும் பாதுகாப்பு. அவன் போய்ச் சேருகிற இடத்தில் இருக்கிறவர்கள் இதில் கொசு மாதிரி, காய்ச்சல் மாதிரி வருகிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா இதைப் பெரிய அளவில் செய்யத் தொடங்கியது. ரஷ்யா 1957இல் ஸ்புட்னிக் விட்டதும், 1958இல் தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. பெயரைக் கவனியுங்கள், 'பாதுகாப்பு'. அந்தச் சட்டத்தின் பணத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தமிழ் உட்பட ஆசிய மொழிகளுக்கு வகுப்பும் உதவித்தொகையும் பெருகின. 1961இல் இந்திய ஆய்வுகளுக்கான அமெரிக்க நிறுவனம் தோன்றியது. மதுரையில் அது நடத்திய தமிழ் வகுப்புகளில் படித்துவிட்டு எத்தனையோ மாணவர்கள் நம் கிராமங்களுக்கு வந்தார்கள். மொழி வந்தது. யாருடைய மொழி? வகுப்பில் வாத்தியாரிடம் படிக்கிற தமிழும் சேரியில் ஆயா பேசுகிற தமிழும் ஒன்றா?

அப்புறம் நெறிமுறை வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை நாற்பது வருஷம், மேகப்புண் நோய் வந்த ஏறத்தாழ 400 கறுப்பின ஆண்களுக்கு வைத்தியம் பார்க்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசாங்க டாக்டர்கள் வேடிக்கை பார்த்தார்கள். 'ஆய்வு' என்று அதற்குப் பெயர். அது வெளியே வந்து நாறிய பிறகு 1974இல் தேசிய ஆய்வுச் சட்டம் வந்தது. 1979இல் பெல்மாண்ட் அறிக்கை வந்தது. மனிதர்களை ஆய்வு செய்ய வேண்டுமானால் பல்கலைக்கழகத்தின் குழு ஒன்று அனுமதிக்க வேண்டும், ஆய்வுக்கு உள்ளாகிறவரின் சம்மதத்தை வாங்க வேண்டும் என்றானது. இன்றைக்கு எந்த மானிடவியல் மாணவரும் புறப்படுவதற்கு முன் நிரப்புகிற சம்மதப் படிவம் கறுப்பர்களின் பிணங்கள் மேல் எழுதப்பட்டது. அதை நான் லேசாகப் பேசமாட்டேன்.

ஆனால் அந்தப் படிவம் ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறது: 'மாட்டேன்' என்று சொல்ல முடிகிறவர்தான் 'சரி' என்று சொல்கிறார். எங்கள் ஆயா வாழ்நாளில் ஊர்க்காரரிடம் 'மாட்டேன்' என்று சொன்னதில்லை. அவளிடம் அந்தப் படிவத்தைப் படித்துக் காட்டியிருந்தால் அதற்கும் 'ஆமாங்க ஆண்டே' என்றுதான் சொல்லியிருப்பாள்.

'மாட்டேன்' சொல்ல முடியாதவர் சொல்கிற 'ஆமாம்' சம்மதமா? களப்பணிக்கான தயாரிப்பு இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

3

இதற்கு ஒரு நல்ல சாட்சி மானிடவியல் துறைக்குள்ளேயே இருக்கிறது. ஜெரால்டு பெர்ரிமன். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு மாணவராக 1957-58இல் இமயமலையின் கட்வால் பகுதியில் ஒரு கிராமத்தில் இருந்தார். அந்தக் கிராமத்துக்கு அவர் வைத்த புனைபெயர் சிர்கந்தா.

அவரோடு முதலில் இருந்த துபாஷி சமவெளியிலிருந்து வந்த இளவயசுப் பார்ப்பனர். புத்தகத்தில் அவருக்குப் பெயர் சர்மா. மலையில் இருக்கிற பார்ப்பனர்களும் ராஜபுத்திரர்களும் கறி தின்கிறவர்கள், சாராயம் குடிக்கிறவர்கள், சாமிக்கு ஆடு வெட்டுகிறவர்கள். சமவெளிப் பார்ப்பனர் வந்து உட்கார்ந்ததும் அதையெல்லாம் மறைத்துவிட்டார்கள். சாஸ்திரப்படி நடக்கிறவர்கள் மாதிரி வேஷம் போட்டார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினரோ கிட்டேயே வரவில்லை. வந்தவர்களும் அளந்து பேசினார்கள்.

சுமார் நாலு மாசம் கழித்துச் சர்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. வேறு வழியில்லாமல் பெர்ரிமன் இன்னொருத்தரைத் தேடினார். கிடைத்தவர் ஓய்வுபெற்ற முஸ்லிம் பள்ளி ஆசிரியர். புத்தகத்தில் முகமது. கிராமம் மாறிவிட்டது! கீழே வைக்கப்பட்டவர்கள் வீட்டுக்கு வந்து போக ஆரம்பித்தார்கள். மேல்சாதியாரைப் பற்றி மனசில் இருப்பதைப் பேசினார்கள். மேல்சாதியாரும் கறியையும் சாராயத்தையும் மறைப்பதை விட்டுவிட்டார்கள். ஆனால் தங்கள் மதச் சடங்கு விஷயங்களில் சிலவற்றை முகமதுவிடம் பேசத் தயங்கினார்கள்.

கிராமம் அதே கிராமம். கேள்வி கேட்கிறவரும் அதே வெள்ளைக்காரர். பக்கத்தில் நிற்கிற ஆள் மாறினார், 'உண்மை' மாறிவிட்டது. பெர்ரிமனின் பெருமை என்னவென்றால் இதை அவர் அடிக்குறிப்பில் ஒளித்துவைக்கவில்லை. 1962இல் தனி நூலாகவே எழுதினார். முகமூடிகளைப் பற்றிய நூல் அது. கிராமத்தார் போட்ட முகமூடி, துபாஷி போட்ட முகமூடி, தான் போட்ட முகமூடி எல்லாவற்றையும் பற்றி எழுதினார்.

நான் கேட்பது இதுதான். சர்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகாவிட்டால்? ஒரு காய்ச்சலால்தான் ஒடுக்கப்பட்டவர்களின் பேச்சு அந்த ஆய்வுக்குள் வந்தது. குயினைன் சாப்பிடச் சொன்ன துறைக்கு அந்தக் காய்ச்சல்தான் பாடம் சொல்லிக்கொடுத்தது. காய்ச்சல் வராத ஆய்வுகள் எத்தனை?

எம்.என். ஸ்ரீநிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கம் ராம்புராவில் ஊர்த் தலைவரின் வீட்டில் தங்கினார். தான் பார்த்தது மேல்சாதிக் கண்ணால் பார்த்த கிராமம் என்பதைப் பின்னால் அவரே எழுதினார். ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் 'ஸ்ரீபுரம்' என்று அவர் பெயர் வைத்த ஊரில் அக்கிரகாரத்தில் தங்கினார். இவர்கள் சாமானியப்பட்ட அறிஞர்கள் அல்ல. ஆனால் களத்தில் முதல் ராத்திரி எந்தத் தெருவில் படுக்கிறாய் என்பது புத்தகத்தின் முதல் வரியை எழுதிவிடுகிறது. எங்கள் ஊருக்கு வந்தவர் மச்சு வீட்டு மாடியில் படுத்தார். கொசு இல்லை, காற்று வரும், கக்கூஸ் இருந்தது. அவர்மேல் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த மாடிக்கு வாடகை கொடுத்தது எங்கள் ஆயாவின் நாக்கு.

4

இனி நம் செங்கல்பட்டுக்கு வருவோம்.

மைக்கேல் மொஃபாட் என்ற அமெரிக்க ஆய்வாளர் செங்கல்பட்டு மாவட்டத்து எண்டாவூரில் தலித்துகளைப் பற்றிக் களப்பணி செய்தார். 1979இல் புத்தகம் வந்தது. தலைப்பிலேயே இரண்டு சொற்கள்: 'அமைப்பு', 'கருத்தொற்றுமை'. அவர் வாதம் இப்படிப் போகிறது. தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தனிப் பண்பாடு கிடையாது. மேலே இருக்கிற அதே அடுக்கைத் தங்களுக்குள்ளும் கட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கென்று புரோகிதர், அவர்களுக்கென்று வண்ணார், அவர்களுக்கும் கீழே ஒரு சாதி. ஆகவே சாதியின் கருத்தியலுக்கு அவர்களும் அடிப்படையில் உடன்பட்டிருக்கிறார்கள். லூயி துய்மோன் 1966இல் பிரெஞ்சில் எழுதிய பெரிய கோட்பாட்டு நூலின் நிழல் இதன்மேல் படிந்திருக்கிறது.

அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் 1960களில் ஜோன் மென்ச்சர் என்ற இன்னொரு அமெரிக்க மானிடவியலாளர் வேலை செய்தார். 1974இல் ஒரு கட்டுரை எழுதினார். சாதியமைப்பைத் தலைகீழாக, அடியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பது அவர் கேள்வி. அவருக்குக் கிடைத்த விடை வேறு. கீழே இருக்கிறவர்களுக்குச் சாதி உழைப்பைச் சுரண்டுகிற ஏற்பாடாகத் தெரிகிறது. ஏழைகள் ஒன்றுசேராமல் பிரித்துவைக்கிற ஏற்பாடாகவும் இருக்கிறது.

ஒரே மாவட்டம். ஒரே மக்கள். ஒருத்தருக்கு 'கருத்தொற்றுமை' கிடைத்தது, இன்னொருத்தருக்குச் சுரண்டல் கிடைத்தது. இதில் யார் பொய் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. எந்தக் கேள்வியை மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்களோ அதற்குரிய பதில் கிடைத்தது.

'சம்மதம்' என்று படிவத்தில் இருக்கிறது. 'கருத்தொற்றுமை' என்று கோட்பாட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் ஆதாரம் ஒரே சொல், எங்கள் ஆயா சொன்ன 'ஆமாம்'. படிவத்தில் அது கைநாட்டு. கோட்பாட்டில் அது முடிவுரை. கைநாட்டு வைத்தவளுக்கு முடிவுரை தெரியாது. முடிவுரை எழுதியவருக்கு மரக்கா அளக்கிற விரல் தெரியாது.

இங்கே நேர்மையாக ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மொஃபாட் பார்த்ததில் பாதி இருக்கத்தான் செய்கிறது. நம் சேரிக்குள்ளும் ஒரு சேரி இல்லையா? அருந்ததியர் தெருவில் நம்மவர்கள் கை நனைப்பார்களா? 2009இல் அருந்ததியருக்கு 3 சதவிகித உள் ஒதுக்கீடு வந்தபோது நம்மில் எத்தனை பேர் முகம் சுளித்தோம்? வெள்ளைக்காரன் தப்பாக எழுதிவிட்டான் என்று கத்துவது சுலபம். நாம் நமக்குள் கேட்காத கேள்வியை அவன் கேட்டுவிட்டான் என்பதுதான் உறுத்துகிறது. ஆனால் அடிபட்டவன் தனக்குக் கீழே ஒருத்தனை அடிப்பதைப் பார்த்துவிட்டு, 'அடியை இவன் ஏற்றுக்கொள்கிறான்' என்று எழுதுவது நியாயமாகாது. மாமியாரிடம் அடி வாங்கினவள் மருமகளை அடிக்கிறாள். அதனால் அவள் வாங்கின அடி வலிக்கவில்லை என்று ஆகிவிடுமா?

5

பேசினால் என்ன ஆகும்? இதைத் தயாரிப்பு வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஊர்ப் பெயரை மாற்று, ஆள் பெயரை மாற்று. 'ஸ்ரீபுரம்' புனைபெயர். காத்லீன் கஃப் எழுதிய 'கும்பபேட்டை'யும் புனைபெயர். நல்லதுதான். ஆனால் புனைபெயர் லண்டனில் படிக்கிறவருக்குத்தான் மறைக்கிறது. எந்தக் குடிசையில் வெள்ளைக்காரர் எத்தனை நாழி உட்கார்ந்திருந்தார் என்று ஊருக்கே தெரியும்.

கஃப் 1951-53இல் தஞ்சை மாவட்டத்தில் இருந்தார். அவருடைய இரண்டாவது கிராமம் கீழத்தஞ்சையில், நாகப்பட்டினத்துப் பக்கம். சாணிப்பாலும் சவுக்கடியும் பண்ணையாளுக்கு நினைவில் ஆறாத காலம். கூலி உயர்வு கேட்டதற்காக அதே கீழத்தஞ்சையில் 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கஃப் 1976இல் தஞ்சாவூருக்குத் திரும்பி வந்தார். அவர் மார்க்சியர். எங்கள் பக்கம் நின்றவர். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பேச்சுக்கு அந்த மண்ணில் என்ன விலை என்று தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஆய்வாளரிடம் கூலியைப் பற்றி உண்மையைச் சொல்வது என்பது இங்கே வெறும் 'தகவல்' கொடுப்பது அல்ல. அது உயிரைப் பணயம் வைப்பது. அந்தப் பணயத்துக்கு ஈடாக ஆய்வாளர் எதை வைக்கிறார்? விசா, விமான டிக்கெட், வேலை.

அமெரிக்காவின் பூர்வகுடிகள் இந்தக் கணக்கை முன்னாலேயே கேட்டுவிட்டார்கள். 1969இல் வைன் டெலோரியா என்ற சியூ இன எழுத்தாளர் மானிடவியலாளர்களைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதிக் கிழித்தார். ஆய்வுக்கு வருகிறவன் பழங்குடி அவையிடம் அனுமதி கேட்கட்டும், ஆய்வுக்குத் திரட்டுகிற பணத்துக்குச் சமமாக எங்களுக்கும் திரட்டிக் கொடுக்கட்டும் என்றார். 1996இல் நவஹோ மக்கள் தங்களுக்கென்று ஓர் ஆய்வு அனுமதி வாரியத்தையே வைத்துக்கொண்டார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் அதைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். 'மாட்டேன்' என்ற சொல்லுக்கு அவர்கள் ஒரு கட்டிடமும் முத்திரையும் கொடுத்தார்கள்.

நமக்கும் அப்படி ஒன்று வைத்துக்கொள்ளலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். அங்கேதான் நம் நிலைமை வேறு. நவஹோவுக்குத் தனி நிலம், தனி அவை. சேரிக்குத் தனி அவை ஏது? ஆய்வாளர் ஊராட்சியிடம் அனுமதி வாங்கினால் அது யாருடைய அனுமதி? பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலித்துக்கு ஒதுக்கிய தலைவர் நாற்காலியில் பத்து வருஷம், 2006 வரைக்கும், ஒரு தலித்தை உட்காரவிடவில்லை. மேலவளவில் உட்கார்ந்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டினார்கள். கூட ஐந்து பேர் செத்தார்கள். ஊர் கொடுக்கிற அனுமதியைச் சேரியின் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற ஆய்வு நெறிமுறை, நெறிமுறையே இல்லை.

6

அப்படியானால் எங்களைப் பற்றி நாங்களே எழுதிக்கொள்கிறோம், நீங்கள் வராதீர்கள் என்று சொல்லிவிடலாமா? 1990களில் இந்தக் குரல் நம் கூட்டங்களில் பலமாகக் கேட்டது. நானும் கை தட்டினேன். இன்றைக்கு அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கறுப்பினப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் ஃபிரான்ஸ் போவாஸிடம் மானிடவியல் படித்தவர். 1927இல் கதைகளும் பாட்டுகளும் சேகரிக்கத் தன் சொந்த மாநிலமான ஃபுளோரிடாவுக்கே அனுப்பப்பட்டார். பெருத்த ஏமாற்றம். கல்லூரியில் பழகின நாசூக்கான இங்கிலீஷில், கதை தெரியுமா, பாட்டு தெரியுமா என்று கேட்டிருக்கிறார். இங்கே ஒன்றும் கிடையாது, பக்கத்து ஊரில் வேண்டுமானால் கேட்டுப் பார் என்று அனுப்பிவிட்டார்கள். பிற்பாடு தன் வரலாற்றில் இதைச் சிரித்துக்கொண்டே எழுதினார். படிப்பு அவரைத் தயாரித்தது. அந்தத் தயாரிப்பே அவரை அந்நியமாக்கியது. நாக்கைத் திருப்பி மாற்றிக்கொண்ட பிறகுதான் கதை வந்தது.

எம்.ஏ. முடித்துவிட்டுப் பேனாவும் ரெக்கார்டருமாகச் சேரிக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கு இது நடக்காதா? நடக்கிறது. 'பாட்டி, தாங்கள் அனுபவித்த ஒடுக்குமுறை பற்றிக் கூறுங்கள்' என்று கேட்டால் பாட்டி என்ன சொல்வாள்? 'ஒண்ணுமில்ல கண்ணு, நல்லாத்தான் கீறோம்' என்பாள். அதுவும் ஒரு 'ஆமாம்'தான். ஒரே சாதியில் பிறந்தது தானாகவே கதவைத் திறந்துவிடாது. கால் சட்டை போட்டவன் எதிரே வேட்டி கட்டினவன் எழுந்து நிற்கிற பழக்கம் நம் தெருவிலும் இருக்கிறது.

ஆனாலும் போக்குவரத்து ஏன் ஒரே திசையில் இருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். அங்கிருந்து இங்கே படிக்க வருகிறார்கள். இங்கிருந்து அங்கே?

அம்பேத்கர் 1913இல் கொலம்பியாவுக்குப் போனார். 1916 மே 9 அன்று கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையைப் படித்தார். அவருக்கு வயசு 25. யாரை ஆய்வுப் பொருளாக மேசைமேல் வைத்திருப்பார்களோ அந்த மனிதன் எழுந்து நின்று, சாதியின் உயிர்நாடி அகமணம் என்று சொல்லிக்கொடுத்தான். மானிடவியல் வகுப்பறையில் அதைவிடப் பெரிய நிகழ்ச்சி ஏதும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு வெளிநாட்டு மாணவர் இந்தியாவுக்குத் தயாராகும்போது அந்தக் கட்டுரை முதல் வாரத்துப் பாடமாக இருக்க வேண்டாமா?

நம் அரசாங்கம் என்ன செய்தது? தலித் மாணவர்கள் வெளிநாட்டில் மேல்படிப்புப் படிக்க 1950களிலிருந்து நடந்துவருகிற தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் விதிகளை 2022இல் திருத்தினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு உதவித்தொகை இல்லை என்றார்கள். அதாவது பிட்ஸ்பர்க்கில் பிறந்த மாணவன் சேரியை ஆய்வு செய்ய அவன் நாடு பணம் கொடுத்து அனுப்பும். சேரியில் பிறந்த மாணவி அதே பொருளைப் பிட்ஸ்பர்க்கில் படிக்க நம் நாடு பணம் கொடுக்காது. இந்த விதி இருந்திருந்தால் 1916இல் அந்தக் கட்டுரை ஏது?

தயாரிப்பு நடக்கிற அறைக்குள்ளேயும் சாதி இருக்கிறது. தமிழ் சொல்லிக்கொடுப்பவர், இந்தியாவைப் பற்றிப் பாடம் எடுப்பவர், கூடப் படிக்கிற இந்திய மாணவர் எந்தத் தெருவிலிருந்து போனவர்கள்? பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இலும் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து விதி கொண்டுவந்தன. சும்மா கொண்டுவரவில்லை. துபாஷி கடலுக்கு இந்தப் பக்கம் மட்டும் இல்லை.

7

என்னை ஒரு பல்கலைக்கழகத்தில் கூப்பிட்டு, புறப்படப்போகிற மாணவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றால் என்ன சொல்வேன்?

ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அதில் கேலி இல்லை. மொழியைப் படியுங்கள், ஆனால் கடைசி மூன்று மாசமாவது ஊர்த்தெருவில் வாழாதவர்களிடம் படியுங்கள். 'நீ'க்கும் 'நீங்க'வுக்கும் நடுவில் எத்தனை பேர் செத்திருக்கிறார்கள் என்று அவர்கள் சொல்லித்தருவார்கள். முதல் ராத்திரி எங்கே படுக்கப்போகிறீர்கள் என்பதை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதுங்கள், கோட்பாட்டைப் போல அதற்கும் காரணம் சொல்லுங்கள். பக்கத்தில் யார் நிற்கப்போகிறார், அவருடைய நிலத்தில் யார் நடவு நடுகிறார்கள் என்று எழுதுங்கள். பெர்ரிமனுக்குக் காய்ச்சல் செய்துகொடுத்ததை நீங்கள் முன்யோசனையாகச் செய்யுங்கள், துபாஷியை மாற்றி அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். இரண்டு பதிலையும் அச்சிடுங்கள்.

யாராவது பேச மறுத்தால் சந்தோஷப்படுங்கள். உங்கள் முன்னால் ஒரு மனுஷி 'மாட்டேன்' என்று சொல்ல முடிந்திருக்கிறது. மறுபடி மறுபடி போய்த் தொந்தரவு செய்து அந்த 'மாட்டேனை' 'ஆமாம்' ஆக்காதீர்கள்.

நீங்களும் கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராகுங்கள். உன் அப்பா என்ன வேலை செய்கிறார், உங்கள் ஊரில் குப்பை அள்ளுகிறவர் எந்தத் தெருவில் இருக்கிறார், அவர் வீட்டில் நீ சாப்பிட்டிருக்கிறாயா என்று எங்கள் சனங்கள் கேட்பார்கள். தடுமாறினால் தப்பில்லை. பதில் சொல்லாமல் நோட்டைத் திறந்தால்தான் தப்பு.

எழுதியதைத் திரும்பக் கொண்டுவாருங்கள், தமிழில் கொண்டுவாருங்கள். யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர்களுடைய பேரப் பிள்ளைகள் படித்துவிட்டு, 'எங்க ஆயா இப்படிச் சொல்லியிருக்க மாட்டா' என்று சொல்ல ஒரு வழி இருக்கட்டும்.

எங்கள் ஊருக்கு வந்தவர் என்ன எழுதினார், எழுதினாரா, பட்டம் வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது. அவர் பெயர்கூட ஞாபகமில்லை. ஊரை விட்டுப் போகும்போது ஆயாவுக்கு ஒரு போர்வை கொடுத்துவிட்டுப் போனார். நல்ல கம்பளி. ஆயா செத்தபோது அதைத்தான் மேலே போர்த்தி எடுத்தோம்.

"நல்ல புள்ள அது. கூட அவன் வராம தனியா வந்திருந்தா நாலு வார்த்த பேசியிருப்பேன்" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நாலு வார்த்தைக்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.